ஒட்டலாம் என்றார் மேஸ்திரி

போன வாரம் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவர்கள். என் முகத்துக்கு முன்பே என் இருமல் அவர்களுக்கு அறிமுகமாகிவிட்டது. எங்கோ ஏலத்தில் பழைய ஃபைபர் படகு ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம். "எடுத்து ஒட்டி வித்துப்புடலாமுங்களா அண்ணா? நீங்க வந்து தட்டிப் பாத்துச் சொல்லோணும்" என்றார்கள். ஒட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஓய்வு பெறும் வயதல்ல. என் நெஞ்சுக்கூடு என்னை முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். அப்பாவின் தறி நின்றுபோன எழுபதுகளின் தொடக்கத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்த ஃபைபர் பட்டறையில் சேர்ந்தேன். பருத்தி நூலை விட்டுவிட்டுக் கண்ணாடி நூலுக்குப் போனேன், அவ்வளவுதான். கண்ணாடி இழையைப் பாய்போல் விரித்து, அதன்மேல் ரெசின் என்னும் பிசினைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து கல்லாகும். ஜவ்வரிசி ஆலைத் தொட்டிகளுக்கும் சாயப்பட்டறைத் தொட்டிகளுக்கும் உள்பூச்சு, லாரிகளுக்குக் கூரை. இவைதான் எங்கள் சோறு. முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அரிப்பு ஒன்றுதான் இருக்கிறது. கண்ணாடித் தூள் கழுத்தில், இமையில், தலையணையில். என் சட்டையை வீட்டில் யாரும் தங்கள் துணியோடு சேர்த்துத் துவைக்க மாட்டார்கள்.

எங்கள் மேஸ்திரி பொன்னுசாமி. நெடிய மனிதர், பேச்சு மட்டும் குட்டை. மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துண்டால் கட்டியிருப்பார். அந்தத் துண்டுக்குள்ளிருந்துதான் உத்தரவு வரும். ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது சொல்லைக் கேட்டவர்கள் பட்டறையில் குறைவு. அவர் எதையும் கண்ணால் நம்ப மாட்டார். திருப்புளியின் மரக் கைப்பிடியால் தட்டி, காதால் நம்புவார். அவர் தட்டத் தொடங்கினால் கிரைண்டர் நிற்க வேண்டும், சுத்தியல் நிற்க வேண்டும், இருமல்கூட நிற்க வேண்டும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தட்டும்போது கிரைண்டரை நிறுத்தச் சொல்வாரே தவிர, அந்நாளில் பேசும்போது நிறுத்தச் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம், மலையிலிருந்து ஒரு லாரி இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றது. மல்லசமுத்திரத்துக்காரர் செங்கோடனின் லாரி. பின்னால் ஒரு படகு, கயிறு கட்டி, செத்த எருமைபோல் சாய்ந்து கிடந்தது. மலை மேலே ஏதோ ஏரியில் உல்லாசப் பயணிகளைச் சுமந்து கழிக்கப்பட்ட படகு. ஏலத்தில் எடுத்தவர் மாரப்பன். காவிரிக் கரையில் பரிசல் ஓட்டுகிறவர். அக்கரை மில்லுக்குப் போகும் பெண்கள் தினமும் அவர் பரிசலில்தான் ஆற்றைக் கடப்பார்கள். அடுத்த துறைக்காரன் பரிசல்களோடு ஒரு மரப்படகும் சேர்த்ததிலிருந்து கூட்டம் அங்கே நகரத் தொடங்கியிருந்தது. மாரப்பன் இரண்டு எருமைகளையும் விற்று இதை வாங்கிவிட்டார்.

"எருமைய வித்து எருமையே வாங்கியாந்துட்டயே மாரப்பா" என்று செங்கோடன் சிரித்தார். அவர் லாரியின் இன்ஜினை அணைக்க மாட்டார். அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்பார். இன்ஜினுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை.

"சிரிடா சிரி. ஆடிப் பதினெட்டுக்கு என்ற படகுல ஏறாமயா போயிருவ?" என்ற மாரப்பன் மேஸ்திரியிடம் திரும்பினார். "ஏனுங்க மேஸ்திரி, இது ஆகுமுங்களா? என்ற பொண்டாட்டி பாவாயி சொல்லி உட்ருக்கறா, ஆகாதுன்னா ஊட்டுப் பக்கமே வரவேண்டாம்னு."

மேஸ்திரி படகின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். மாட்டுக்குச் சினை பார்க்கிறவர் வைப்பதுபோல. "காயட்டும்" என்றார். அதுதான் அன்றைய ஒரு சொல்.

நனைந்த படகு பொய் சொல்லும். தண்ணீர் விரிசல்களை நிரப்பி நல்ல இடத்தையும் கெட்ட இடத்தையும் ஒரே ஓசையாக்கிவிடும். மரம் உப்பி இறுக்கமாக நிற்கும். ஆகவே கழுவி, கவிழ்த்து, செங்கல் மேல் தூக்கி வைத்து வெயிலில் போட்டோம். பாசி உரிந்து உதிர்ந்தது. ஊதா நிறப் பூச்சு வெளுத்து, அடியில் அம்மைக் கொப்புளம்போல் சிறுசிறு புடைப்புகள் தெரிந்தன. ஒன்றை மேஸ்திரி ஆணி முனையால் கிள்ளினார். ஒரு துளி நீர் வந்தது. முகர்ந்து பார்த்து என் மூக்கருகே நீட்டினார். புளித்த காடி வாடை. பிசினுக்குள் தண்ணீர் குடியிருந்து, அதைத் தின்று கொண்டிருக்கிறது என்று பொருள்.

நன்றாகக் காய்ந்ததும் ஒரு காலை கிரைண்டரை நிறுத்தச் சொன்னார். என் கையில் சாக்பீஸ் கொடுத்தார். முன் மூக்கிலிருந்து தட்டத் தொடங்கினார். நல்ல இடத்தில் முற்றிய தேங்காயைச் சுண்டிய ஓசை வரும். கையை எடுத்த பிறகும் கொஞ்சம் நிற்கும். கெட்ட இடத்தில் ஈர மண்சுவரைக் குத்தியதுபோல் தொப்பென்று விழுந்து அங்கேயே செத்துவிடும். செத்த இடத்தைச் சுற்றி நான் வட்டம் போட வேண்டும். விளிம்பு முழுக்க நல்ல ஓசை. பக்கங்கள் நல்ல ஓசை. அடிப்பகுதியில் வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. படகின் முதுகெலும்பான நடுத்தண்டின் அருகே ஊசித்துளை போட்டார். பழுப்பு நீர் வடிந்து வடிந்து நின்றது. உள்ளே கண்ணாடிப் போர்வைக்குள் வைத்து மூடியிருந்த மரச்சட்டங்களைக் குத்தூசியால் குத்தினார். மரம் தேயிலைத் தூளாக வந்தது. ஓரிடத்தில் பூச்சைச் சுரண்டி, கவிழ்ந்த படகுக்குள் விளக்கை எரியவிட்டு வெளியிலிருந்து பார்த்தோம். இழை பிசினை விட்டுப் பிரிந்த இடங்கள் வெள்ளைச் சிலந்திவலையாகத் தெரிந்தன.

கடைசியாக நூல். மூக்கிலிருந்து வால் வரை நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். தறிக்காரன் மகன் என்பதால் எனக்கே அந்த வேலை. நூல் நடுத்தண்டின் மேல் மயிரிழை விலகாமல் கிடந்தது. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வாழ்நாளில் அவரிடம் நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அப்போதுதான் வந்தது.

"அடி செத்துப்போச்சு. உரு சாகுல. உரு கோணாத எதையும் ஒட்டலாம். சட்டத்தை எல்லாம் பிடுங்கோணும், அடியை முக்கால்வாசி அரைச்சு எடுத்துட்டுப் புதுசா போர்த்தோணும். இன்னும் ஒரு மாசம் காயோணும். நிக்கற தண்ணியில வளந்தது, ஓடற தண்ணி தெரியாது இதுக்கு. இன்னும் ரெண்டு சுத்து கூடப் போடோணும்."

ஆக, அந்த மலிவுப் படகு மீட்கத் தகுந்ததுதான். முடிவில் பிழை இல்லை. இன்றும் அதே படகை என்முன் கொண்டுவந்து போட்டால் நானும் அதையே சொல்வேன்.

சில நாள் கழித்து செங்கோடனின் லாரி வாசலில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தொட்டிக்குள் கிரைண்டர் கதறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி முகத்தில் துண்டு. நான் பிசின் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரீ! மாரப்பன் படகு என்னாச்சுங்க? தெனமும் என்ற உசுர எடுக்கறானுங்க!"

"ஒட்டலாம்!"

"என்னங்க?"

"ஒட்டலாம்! ஒட்டலாம்னு சொல்லப்பா!"

செங்கோடன் கையைத் தூக்கி ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார். சொல் லாரி ஏறிப் போயிற்று.

ஒட்டலாம், ஓட்டலாம். முதல் எழுத்தின் காலில் ஒரு சுழி. நாவில் ஒரு மாத்திரை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். பிசினும் இழையுமாக வாழும் எங்களுக்கு அந்தச் சொல் ஒட்டு என்று மட்டுமே காதில் விழும். ஸ்டியரிங்கும் கியருமாக வாழ்ந்த செங்கோடனுக்கு அது ஓட்டு என்று மட்டுமே விழும். ஒரே சொல்லை இரண்டு தொழில்கள் பங்கு போட்டுக்கொண்டன. நடுவில் இருந்த துண்டும் கிரைண்டரும் இன்ஜினும் அந்த ஒரு மாத்திரை வித்தியாசத்தைத் தின்றுவிட்டன.

ஆடிப்பெருக்கு நோன்புக்காகப் பட்டறையைப் பூட்டியிருந்தோம். காவல்காரர் மட்டும் இருந்தார். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மாரப்பனும் செங்கோடனும் லாரியோடு வந்திருக்கிறார்கள். "மேஸ்திரி ஓட்டலாம்னு சொல்லீட்டாருங்க" என்றதும் காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். அடியில் கிடந்த சாக்பீஸ் வட்டங்களை மாரப்பன் பார்த்திருக்கிறார். மாட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: பிடித்துப்போன மாட்டின் முதுகில்தான் குறி போடுவார்கள். "பாருங்க, எத்தனை எடத்துல பாஸ் போட்டு உட்ருக்காரு" என்று காவல்காரரிடம் காட்டினாராம். நாங்கள் போட்ட ஊசித்துளையையும் கண்டிருப்பார். பரிசலுக்குத் தார் பூசிப் பழகிய கை. ஆற்றங்கரையில் வைத்து அடிமுழுக்கத் தார் பூசிவிட்டார். வட்டங்கள் தாருக்குள் போயின.

நோன்பு கழிந்து பட்டறை திறந்த காலையில், செங்கல்கள் மட்டும் படகின் வடிவத்தில் வரிசையாகக் கிடந்தன. மேஸ்திரி ஒரு நிமிடம் நின்றார். காவல்காரர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏற நடந்தார். வாசலைத் தாண்டவில்லை. எதிரே லாரி வந்து நின்றது. செங்கோடன் இன்ஜினை அணைத்தார். அவர் அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"மாரப்பன் போயிட்டானுங்க" என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று தெரியாது எனக்கு.

அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. புதுத்தாலிக் கயிறு மாற்ற வந்த பெண்களை ஏற்றிக்கொண்டு படகு முதல் இரண்டு நடை நன்றாகவே போயிருக்கிறது. மூன்றாவதில், நடு ஆற்றில், ஒரு பெண் "கீழ மெத்து மெத்துன்னு இருக்குதுங்க" என்றாளாம். மாரப்பன் துடுப்பை நிறுத்தவில்லை. "மேஸ்திரி சொன்னாரு, பயப்படாதீங்க" என்றார். அடுத்து அடி கிழிந்தது. அவர் தம்பிமார் பரிசல்களைக் கொண்டுவந்து படகோடு அணைத்தார்கள். மாரப்பன் பெண்கள் எல்லாரையும் ஒருவர் விடாமல் பரிசல்களுக்கு மாற்றி ஏற்றினார். அதுவரை படகை மிதக்க வைத்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசிப் பெண் இறங்கிய உடனே பாரம் மாறிப் படகு புரண்டது. நீச்சல் தெரியாதவரா அவர், ஆற்றிலேயே பிறந்தவர். புரண்ட படகின் விளிம்பு தலையில் அடித்துவிட்டது. விளிம்பு. நாங்கள் தட்டித் தட்டிப் பார்த்து, நல்ல ஓசை என்று வட்டம் போடாமல் விட்ட இடம்.

காரியம் எல்லாம் முடிந்து பாவாயி வந்தார். செங்கோடன்தான் அழைத்து வந்தார். லாரியின் பின்னால் படகு. கீழ்ப்பாறையில் சொருகிக் கிடந்ததை ஊரார் இழுத்துப் போட்டிருந்தார்கள். பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் நேராக மேஸ்திரியிடம் போய் நின்றார்.

"அன்னிக்கு நீங்க சொன்ன சொல்ல எனக்கு ஒருக்காச் சொல்லுங்க."

மேஸ்திரி கையை உயர்த்தினார். கிரைண்டர் நின்றது. சுத்தியல் நின்றது. பின்கழுத்தில் முடிச்சை அவிழ்த்துத் துண்டை எடுத்தார். துண்டு மறைத்த பகுதி மட்டும் வெளுத்து, வேறு யாருடைய முகத்தையோ ஒட்டவைத்ததுபோல் இருந்தது.

"ஒட்டலாம்னு சொன்னேன் தாயி."

பாவாயி உதட்டை அசைத்துப் பார்த்தார். "ஒட்டலாம்." பிறகு, "ஓட்டலாம்." மறுபடி முதல் சொல். இரண்டையும் இரண்டு கையில் வைத்து எடை பார்ப்பதுபோல. "இத்தனைதானுங்களா?" என்றார்.

செங்கோடன் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தானுங்க மாத்திச் சொல்லிப்போட்டேன் அக்கா" என்றார் கடைசியில்.

"நீ கேட்டதத்தான நீ சொன்ன. உன்னைய நான் ஒண்ணுஞ் சொல்லுல." மேஸ்திரியிடம் திரும்பினார். "சரிங்க. அப்ப ஒட்டிக் குடுங்க."

மேஸ்திரி நிமிர்ந்தார்.

"ஒட்டலாம்னுதான சொன்னீங்க? சொன்னதச் செய்யுங்க. எருமையுமில்ல, அவருமில்ல. தொறை இன்னும் எங்க பேர்லதான் இருக்குது. நான் துடுப்புப் போடுவேன். அவரு இல்லாதப்ப எல்லாம் நான்தானுங்க போட்டது."

லாரி மேலேயே மேஸ்திரி நூல் பிடிக்கச் சொன்னார். பாறையில் மோதிய படகு, புரண்ட படகு. கோணியிருக்கும் என்று நினைத்தேன். கோணியிருந்தால் நன்றாயிருக்குமே என்றும் நினைத்தேன். ஆகாது என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். நூல் நேராகக் கிடந்தது. அவ்வளவு நேரான கோட்டை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை.

ஒட்டினோம். அடி முழுதும் வெட்டி எறிந்தோம். வெட்டுவதற்கு முன் தாரைச் சுரண்டியபோது அடியில் என் சாக்பீஸ் வட்டங்கள் அழியாமல் இருந்தன. கிழிசல் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு, நாங்கள் வழி காட்டிவிட்டதுபோல் போயிருந்தது. வேப்பஞ்சட்டம், புதுப் போர்வை, கணக்குக்கு மேல் இரண்டு சுற்று. மேஸ்திரி ஒவ்வொரு சுற்றையும் தானே தேய்த்தார்; காற்றுக் குமிழி ஒன்று தெரிந்தாலும் கீறி எடுத்தார். மாரப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த மாதங்களில், யாரிடம் என்ன சொன்னாலும் கிரைண்டரை நிறுத்தி, துண்டை அவிழ்த்துவிட்டுச் சொன்னார். துண்டை அவிழ்த்த ஒவ்வொரு முறையும் அந்தத் தூளை மூச்சில் வாங்கினார்.

மாசி மாதம் படகை ஆற்றில் இறக்கினோம். வெயில், தெளிந்த தண்ணீர், காற்றில்லை. மில்லுக்குப் போகும் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு கரையில் நின்றார்கள். யாரும் அசையவில்லை. மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நடுப்பலகையில் உட்கார்ந்தார். பாவாயி துடுப்புப் போட்டார். அக்கரை போய், திரும்பி வந்தது படகு. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. மேஸ்திரி குனிந்து அடியைக் கையால் துடைத்து, காய்ந்த கையைப் பெண்களுக்குக் காட்டினார்.

முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "படகு நல்லாத்தானுங்க இருக்குது. நாங்க பரிசல்லயே வாரோம்."

"பயப்படாதீங்க தாயி" என்றார் மேஸ்திரி.

"இதைத்தானுங்க அவரும் சொன்னாரு" என்றாள் அவள். ஆடிப் பதினெட்டன்று கடைசியாக இறங்கியவள் அவள்தான் என்று செங்கோடன் என் காதில் சொன்னார்.

அவர்கள் அடுத்த துறைக்கு நடந்து போனார்கள். மறுநாளும் போனார்கள். பாவாயி ஒரு வாரம் படகைக் கரையில் கட்டி வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு துறை கைமாறியது. அவர் அக்கரை மில்லில் சேர்ந்தார். அந்தப் பெண்களோடு பரிசலில் போய்வந்தார்.

மேஸ்திரி அதன்பின் அந்த இரண்டு சொற்களில் எதையும் சொல்லவில்லை. தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணிக்கு ஆகும், தண்ணிக்கு ஆகாது என்பார். பட்டறையே அப்படிப் பழகிக்கொண்டது. நீங்கள் புதியவர்கள், அதனால்தான் அன்று என் வீட்டில் அந்தச் சொல் உங்கள் வாயில் அவ்வளவு இலேசாக வந்தது. இரண்டு வருடம் போல வேலை பார்த்தார் மேஸ்திரி. பிறகு நெஞ்சில் தூள் அடைத்துப் படுத்து, எழவில்லை.

உங்கள் ஏலப் படகைப் பற்றி: காய வையுங்கள், தட்டுங்கள், முகருங்கள், நூல் பிடியுங்கள். எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். அத்தனையும் செய்த பிறகும், அதில் யார் ஏறப் போகிறார் என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். நான் தட்ட வரவில்லை.

நீங்கள் வந்துபோன மறுநாள் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பாவாயி வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் படகு இருந்தது. வாயை மேலே வைத்து, செங்கல் முட்டுக் கொடுத்து, விளிம்பு வரை தண்ணீர். இரண்டு எருமைகள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. பாவாயி குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே என்னை அடையாளம் கண்டார்.

"வாங்க சாமி. பாருங்க, எத்தனை வருசமாச்சு. ஒரு சொட்டு ஒழுகுல."

பழைய வழக்கத்தில் விரலை மடக்கித் தட்டினேன். மூக்கில், பக்கத்தில், அடியில், நாங்கள் புதிதாகப் போர்த்திய இடத்தில். உள்ளே தண்ணீர் நிற்கும் படகு எங்கே தட்டினாலும் தொப்பென்றுதான் கேட்கும். நல்ல இடம் எது, செத்த இடம் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.